நான்கு நங்கூரங்களுக்கு நடுவே: ஃபால்கன் என்ற மீட்புக் கப்பல்

வேகத்தையும் பீரங்கியையும் வைத்துப் போர்க்கப்பலை மதிப்பிடுகிறவர்கள் அமெரிக்கக் கடற்படையின் ‘ஃபால்கன்’ கப்பலைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 187 அடி 10 அங்குல நீளம், 35 அடி 6 அங்குல அகலம், 950 டன் எடை. ஒரே நீராவி எஞ்சின், ஒரே புரொப்பெல்லர், 14 நாட் வேகம். கண்ணிவெடி அகற்றுவதற்காகக் கட்டப்பட்ட லாப்விங் வகைக் கப்பல்களில் அதுவும் ஒன்று. நியூயார்க்கில் மாரிஸ் ஹைட்ஸ் கட்டுமானத் துறையிலிருந்து 1918 செப்டம்பர் 7 அன்று தண்ணீரில் இறங்கி, அதே ஆண்டு நவம்பர் 12 அன்று பணியில் சேர்ந்தது. முதல் உலகப் போர் ஓய்ந்தது அதற்கு முந்தைய நாள்.

போர் முடிந்தாலும் வெடிகள் கடலில்தான் கிடந்தன. வட கடலில் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே விதைக்கப்பட்ட கண்ணிவெடி அரணை அகற்ற, 1919 ஆகஸ்ட்டில் ஃபால்கன் ஆர்க்னி தீவுகளின் கிர்க்வால் துறைமுகத்துக்குப் போனது. அந்தப் பணியைப் பற்றி இங்கே நீட்டி எழுதப்போவதில்லை. ஆனால் அதற்காகக் கொடுக்கப்பட்ட உடலமைப்புதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. கண்ணிவெடி அகற்ற, கனத்த கம்பி வடத்தைக் கடலில் விட்டு மைல்கணக்கில் இழுக்க வேண்டும். அதனால் பின்தளம் அகலமாகவும் தண்ணீருக்குக் கிட்டத்திலும் இருக்கும். பலமான விஞ்சுகள் இருக்கும், இழுவைக் கப்பலுக்குரிய எஞ்சின் பலமும் இருக்கும். டைவரை இறக்கி ஏற்றுவதற்கு இதைவிடத் தோதான தளம் அன்றைய அமெரிக்கக் கடற்படையில் வேறு வகைக் கப்பல் எதிலும் இல்லை. காற்று அழுத்தும் கம்ப்ரெசர்களையும், ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும் டைவர்களுக்கு அழுத்த நோய் வந்தால் படுக்கவைத்துச் சரிசெய்யும் மறு அழுத்தக் கலத்தையும் ஏற்றியதும், 1920களில் ஃபால்கன் நீர்மூழ்கிகளுக்கான மீட்புக் கப்பலாகிவிட்டது. நீர்மூழ்கி மீட்புக் கப்பல் என்பதைக் குறிக்கும் ஏஎஸ்ஆர்-2 என்ற எண் 1929இல்தான் வந்தது. காகிதம் பின்னால் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்புக் கப்பலுக்கு முதலில் தெரிய வேண்டியது ஓரிடத்தில் அசையாமல் நிற்பது. கீழே 40 மீட்டரிலோ 70 மீட்டரிலோ ஒரு டைவர் வேலை செய்கிறார். அவருக்குக் காற்றுக் குழாயும் உயிர்க்கயிறும் மேலே கப்பலிலிருந்து போகின்றன. கப்பல் இருபது அடி நகர்ந்தால் அவரும் இழுபடுவார். அல்லது குழாய் மூழ்கிய கப்பலின் கம்பிகளில் சிக்கும். இன்று கணினி கட்டுப்படுத்தும் உந்திகள் கப்பலை நிறுத்தி வைக்கின்றன. ஃபால்கனுக்கு இருந்தது ஒரு புரொப்பெல்லர். அதை வைத்துக்கொண்டு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிரே நிலை பிடிக்க முடியாது. டைவர் கீழே இருக்கும்போது அதைச் சுழற்றுவதே ஆபத்து.

ஆகவே நான்கு நங்கூரங்கள். மூழ்கிய கப்பலின் மேல் ஒரு மிதவையைப் போட்டு மையம் குறிக்க வேண்டும். அதைச் சுற்றி நான்கு மூலைகளில், தொலைவில், ஒவ்வொரு கனத்த நங்கூரமும் அதன் தலையில் ஒரு பெரிய மிதவையும். பிறகு கப்பல் நடுவில் வந்து நிற்க, படகுக்காரர்கள் நான்கு மிதவைகளுக்கும் வடங்களைக் கொண்டுபோய் மாட்டுவார்கள். ஒரு வடத்தை இறுக்கி எதிர்வடத்தைத் தளர்த்தினால் கப்பல் அடி அடியாக நகரும். தரை மணலாக இருந்தால் நங்கூரம் இழுபட்டு வந்துவிடும். காற்று திசை மாறினால் கப்பலின் பக்கவாட்டில் அடிக்கும், அப்போது இரண்டே வடங்கள் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். நல்ல வானிலையில்கூட இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஃபால்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் டைவர்களின் துணிச்சலையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். தளத்தில் வடம் பிடித்தவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

1925 செப்டம்பர் 25 இரவு, ரோட் ஐலண்டின் பிளாக் தீவுக்கு அருகே ‘சிட்டி ஆஃப் ரோம்’ என்ற பயணிகள் கப்பல் எஸ்-51 நீர்மூழ்கியை மோதிக் கிழித்தது. உள்ளே இருந்த 36 பேரில் மூவர்தான் பிழைத்தனர். நீர்மூழ்கி 132 அடி ஆழத்தில் கிடந்தது. தனியார் பாரந்தூக்கிக் கப்பல்கள் முயன்று தோற்ற பிறகு, தூக்கும் வேலையைக் கடற்படையே எடுத்துக்கொண்டது. பொறுப்பு கேப்டன் எர்னஸ்ட் கிங், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை முழுவதையும் நடத்திய அதே கிங். தொழில்நுட்பம் எட்வர்ட் எல்ஸ்பெர்க் கையில். ஃபால்கனின் தலைவர் ஹென்றி ஹார்ட்லி.

திட்டம் காகிதத்தில் எளிது. ஒவ்வொன்றும் 80 டன் தூக்கக்கூடிய எட்டு எஃகு உருளைகள், பான்டூன்கள் என்பார்கள். அவற்றைத் தண்ணீர் நிரப்பி மூழ்கடித்து, நீர்மூழ்கியின் இரு பக்கமும் சோடி சோடியாக வைத்து, அடிவயிற்றுக்குக் கீழே சங்கிலி கோத்து, காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றினால் எல்லாம் சேர்ந்து மேலே வரும். பான்டூன் பாரம் போக மீதியை நீர்மூழ்கியின் அறைகளிலிருந்தே எடுக்க வேண்டும். அதாவது கிழியாத அறைகளை அடைத்து, அவற்றிலும் காற்றை ஊதித் தண்ணீரைத் தள்ள வேண்டும்.

முதல் சிக்கல் அங்கேதான். நீர்மூழ்கியின் மூடிகள் எல்லாம் வெளியிலிருந்து கடல் அழுத்தும்போது இறுகும்படி செய்யப்பட்டவை. உள்ளே இருந்து காற்று அழுத்தினால் அவை தூக்கிக்கொண்டு திறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வாயிலுக்கும் மேலே தனியாகக் கனத்த மூடி செய்து இறக்கி, டைவர்கள் குறுக்குச்சட்டம் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. குழாய்த் திறப்புகளைச் சீக்கிரம் இறுகும் சிமெண்ட் கொண்டு அடைத்தார்கள். இருட்டில், கையால் தடவி, 190 பவுண்டு எடையுள்ள உடையோடு.

இரண்டாவது சிக்கல் சங்கிலி. நீர்மூழ்கி களிமண்ணில் பதிந்து கிடந்தது. அடியில் சுரங்கம் தோண்டித்தான் சங்கிலி கோக்க முடியும். தீயணைப்புக் குழாயைக் கொண்டு தண்ணீர் பீய்ச்சினால் மண் கரையும் என்று பார்த்தால், தண்ணீருக்குள் டைவருக்குக் காலூன்ற எடையே இல்லை. பீய்ச்சும் வேகம் அவரையே பின்னால் தூக்கி எறிந்தது. எல்ஸ்பெர்க் குழாயின் மூக்கில் பின்னோக்கிச் சாய்ந்த சிறு துளைகளையும் வைத்தார். முன்னால் போகும் விசையும் பின்னால் போகும் விசையும் சமமானதால் டைவர் நிலையாக நின்று தோண்ட முடிந்தது. பின்னால் பீய்ச்சும் நீர் தோண்டிய மண்ணைச் சுரங்கத்துக்கு வெளியேயும் தள்ளியது. ஒரே மாற்றத்தில் இரண்டு பயன். பிரான்சிஸ் ஸ்மித் என்ற டைவர் தோண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் சுரங்கம் இடிந்து மூடியது. திரும்ப இடமில்லை. குழாயை இரு கால்களுக்கு நடுவே பின்பக்கம் திருப்பி, தான் வந்த வழியைத் தானே மறுபடி தோண்டி வெளியேறினார்.

துளை விழுந்ததும் நேராகச் சங்கிலியைக் கோத்துவிட முடியாது. முதலில் மெல்லிய கயிறு, அதில் கட்டிக் கொஞ்சம் கனத்த கயிறு, பிறகு கம்பி வடம், கடைசியாக நங்கூரச் சங்கிலி. சங்கிலி நுனி பான்டூனுக்குள் செங்குத்தாக இருக்கும் குழாய் வழியே மேலே வர, கண்ணிக்குள் எஃகுத் தண்டைச் செருகிப் பூட்டுவார்கள். பான்டூனை இறக்குவதே தனிக் கலை. இரு முனைக்கும் ஒரே சீராகத் தண்ணீர் போகாவிட்டால் ஒரு முனை தலைகுப்புறச் சரியும். அப்போது பல டன் எஃகு, ஃபால்கனின் இரண்டு வடங்களில் ஒன்றில் மட்டும் தொங்கும்.

இத்தனையும் முடித்துத் தூக்கும்போதுதான் இயற்பியல் தன் வேலையைக் காட்டும். 132 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல ஐந்து மடங்கு. அங்கே ஊதிய காற்று மேலே வர வர விரியும். விரிந்த காற்று இன்னும் தண்ணீரைத் தள்ளும், தூக்கும் விசை கூடும், வேகம் கூடும். தரையை விட்டுக் கிளம்பிய பிறகு நிறுத்த யாராலும் முடியாது. கிளம்பும் வரை இருக்கும் தயக்கத்துக்குக் காரணம் சேறு. அது கப்பலின் அடியைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் பிடியை விடுவிக்கக் கூடுதல் காற்று ஊத வேண்டும். பிடி விட்ட கணத்தில் அந்தக் கூடுதல் முழுவதும் உபரி விசையாக மாறும். 1926 ஜூன் 22 அன்று காற்று பலமாகி அலை எழுந்த நேரத்தில் கப்பலின் முன்பக்கம், மீனவர் சொல்லும் அணியம், முந்திக்கொண்டு மேலே வந்தது. பின்பக்கம் தரையிலேயே கிடந்தது. வேறு வழியின்றி மறுபடி மூழ்கடித்தார்கள். ஜூலை 5 அன்று ஒருவழியாக எழுந்தது. நியூயார்க் கடற்படைத் தளத்துக்கு இழுத்துப் போகும் வழியில் ஈஸ்ட் ஆற்றிலே ஒரு பாறையில் தட்டி நின்று எல்லோரையும் இன்னொரு தடவை பயமுறுத்திவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தது.

எஸ்-51 தூக்கியது பொறியியல் வெற்றி. உயிர் எதையும் காப்பாற்றவில்லை, காப்பாற்ற உயிரும் இல்லை. அந்த வேறுபாடு அடுத்த ஆண்டே உறைத்தது.

1927 டிசம்பர் 17 அன்று மாசசூசெட்சின் பிராவின்ஸ்டவுன் அருகே சோதனை ஓட்டத்தில் இருந்த எஸ்-4, மேலே எழும்போது கடலோரக் காவல்படையின் ‘பால்டிங்’ கப்பல் மோதி மூழ்கியது. ஆழம் 100 அடிக்குச் சற்று மேல்தான். உள்ளே 40 பேர். கனெக்டிகட்டின் நியூ லண்டனிலிருந்து விரைந்த ஃபால்கன் மறுநாளே அங்கே நின்றது. டைவர் டாம் ஈடி கீழே இறங்கிச் சுத்தியலால் தட்ட, முன்பக்க டார்ப்பிடோ அறையிலிருந்து பதில் தட்டல் வந்தது. ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள்.

இங்கே எடுத்த முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. கையில் இருந்த ஒரு காற்றுக் குழாயை எங்கே இணைப்பது? ஆறு பேர் இருக்கும் அறைக்கா, கப்பலை மிதக்கவைக்கும் சமநிலைத் தொட்டிகளுக்கா? மற்ற அறைகளில் தண்ணீர் அவ்வளவு இருக்காது, தொட்டிகளை ஊதினால் கப்பலே மேலே வந்துவிடும் என்று மேலிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ஊதிய காற்று கொப்புளங்களாக மேலே வந்ததே தவிர கப்பல் அசையவில்லை. அறைகள் கணக்குப் போட்டதைவிட அதிகமாக நிரம்பியிருந்தன. அதற்குள் காற்று புயலாகிவிட்டது. இரண்டாவது முயற்சியாக அறைக்குக் காற்று கொடுக்க இறங்கிய ஃபிரெட் மைக்கேல்ஸின் குழாய் சிதைவுகளில் சிக்கியது. ஈடி மறுபடி இறங்கி, இரும்பறுக்கும் வாளால் தகட்டை அறுத்து அவரை விடுவித்தார். தன் உடை கிழிந்து தண்ணீர் புகுந்த பிறகும் வேலையை விடவில்லை. அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. ஆறு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை. புயல் தணிந்து குழாய் இணைத்துக் காற்று செலுத்தியபோது தட்டலுக்குப் பதில் இல்லை.

எனக்குத் தோன்றுவது இது: முதல் குழாயை அறைக்கே கொடுத்திருந்தாலும் அந்த ஆறு பேரை வெளியே கொண்டுவர அன்று வழி இல்லை. கூடுதலாகச் சில நாள் உயிரோடு இருந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சில நாளில்தான் புயல் தணிந்தது. தூக்குவது வாரக்கணக்கு வேலை, மூச்சு மணிக்கணக்கு விஷயம் என்பது எஸ்-51இலேயே தெரிந்திருக்க வேண்டியது. எஸ்-4 மேலே வந்தது மறு ஆண்டு மார்ச் 17 அன்று.

தூக்கிய எஸ்-4ஐ உடைத்துப் போடாமல் சோதனைக் கப்பலாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகள் அதை வேண்டுமென்றே மூழ்கடித்துப் பார்த்துத்தான் தப்பும் வழிகளைக் கண்டார்கள். சார்ல்ஸ் மாம்சனின் மூச்சுப் பை அதில் ஒன்று. இன்னொன்று ஆலன் மக்கான் முடித்துக் கொடுத்த மீட்புக் கூண்டு. புதிய நீர்மூழ்கிகளில் தப்பும் மூடியைச் சுற்றிச் சீராகக் கடைந்த தட்டை வளையம், நடுவில் கொக்கி மாட்டும் வளையம், தொலைபேசியோடு மேலே மிதந்துவரும் அடையாள மிதவை ஆகியவை வந்தன. கூண்டு மட்டும் இருந்து இவை இல்லாவிட்டால் பயனில்லை. கூண்டு உட்கார இடமிருக்காது.

கூண்டு கவிழ்த்த பேரிக்காய் மாதிரி இருக்கும், எடை சுமார் ஒன்பது டன். மேல் அறை மூடியது. அதில் இரண்டு இயக்குநர்களும் ஏழெட்டுப் பயணிகளும் நிற்கலாம். கீழ் அறை கடலுக்குத் திறந்தது. அங்கே காற்று மோட்டாரால் சுழலும் உருளையில் இறக்கு கம்பி சுற்றியிருக்கும். முதலில் டைவர் அந்தக் கம்பியின் நுனியை நீர்மூழ்கியின் மூடியில் மாட்ட வேண்டும். கூண்டு தானாக மிதக்கும் தன்மை கொண்டது. உருளை கம்பியைச் சுற்றச் சுற்ற, அது தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டு போகும். வளையத்தில் உட்கார்ந்ததும் கீழ் அறையின் தண்ணீரை வெளியேற்றி, அதன் காற்றை மேலே கப்பலுக்குச் செல்லும் குழாய் வழியே விட்டுவிடுவார்கள். உள்ளே சாதாரண அழுத்தம், வெளியே கடலின் முழு அழுத்தம். கடலே கூண்டை ரப்பர் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு போல்ட் போட்டு இறுக்கி மூடியைத் திறக்கலாம். ஆட்கள் ஏறும் எடைக்கு ஈடாகத் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதப்புக் கணக்கு தவறும். திரும்பும்போது கீழ் அறையைத் தண்ணீரால் நிரப்பி அழுத்தத்தைச் சமன் செய்தால்தான் பிடி விடும். கூண்டின் தலையிலிருந்து ஃபால்கனுக்கு இன்னொரு கம்பி போகும். அது அவசரத்துக்கு.

1939 மே 23 காலை, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைக்கு வெளியே ஸ்குவாலஸ் என்ற புத்தம் புது நீர்மூழ்கி சோதனை முழுக்கில் இறங்கியது. எஞ்சின்களுக்குக் காற்று எடுக்கும் பெரிய வால்வு மூடிவிட்டதாகப் பலகையில் பச்சை விளக்குகள் காட்டின. வால்வு திறந்திருந்தது. பின்பக்க அறைகள் நிரம்பி 26 பேர் இறந்தனர். முன்பக்கத்தில் 33 பேர் உயிரோடு, 240 அடி ஆழத்தில், கடுங்குளிரில். தேடி வந்த ஸ்கல்பின் என்ற இன்னொரு நீர்மூழ்கி அடையாள மிதவையைக் கண்டு தொலைபேசியில் பேசியது. சற்று நேரத்தில் அந்தக் கம்பி அறுந்தது. நியூ லண்டனிலிருந்து இரவெல்லாம் ஓடிய ஃபால்கன் 24ஆம் தேதி விடியும்முன் வந்து சேர்ந்தது. பாதிக் காலை நங்கூரம் கட்டுவதிலேயே போனது.

டைவர் மார்ட்டின் சிபிட்ஸ்கி சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடியே இறங்கினார். 240 அடியில் அழுத்தக் காற்றின் நைட்ரஜன் மனிதனைப் போதைக்குள்ளாக்கும். எதற்கு இறங்கினோம் என்பதையே மறக்கவைக்கும். அவர் கால்பதித்த இடம் மூடிக்கு அருகிலேயே அமைந்தது அதிர்ஷ்டம். கம்பியை மாட்டினார். முதல் பயணத்தில் 7 பேர். ஐந்து பயணம் என்று போட்ட திட்டத்தை, வானிலையை நினைத்து நான்காக்கினார்கள். அடுத்து 9, அதற்கடுத்து 9. நான்காவதில் கடைசி 8 பேர். பாதிக்கு மேல் தண்ணீர் பாக்கி இருக்கும்போதே இறக்கு கம்பி உருளையில் சிக்கி நின்றது.

டைவரை இறக்கி இறக்கு கம்பியை வெட்டினார்கள். ஃபால்கன் மேல்கம்பியை இழுத்தபோது அதன் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன. இழுத்தால் அறும். கூண்டை மெதுவாகத் தரைக்கே திரும்ப இறக்கினார்கள். புதுக் கம்பி மாட்டப் போன டைவர்கள் குளிரிலும் நைட்ரஜன் மயக்கத்திலும் முடியாமல் திரும்பினர். கடைசியில் மாம்சன் சொன்ன வழி இது: உள்ளே இருந்த ஜேம்ஸ் மக்டொனால்டும் ஜான் மிகலோவ்ஸ்கியும் தொட்டியைச் சில நொடிகள் மட்டும் ஊதி நிறுத்த வேண்டும், மறுபடி சில நொடிகள். கூண்டு மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. அதிகம் ஊதினால் வேகமாக எழும்பி ஃபால்கனின் அடியிலேயே மோதும். எடை ஏறக்குறைய இல்லாமல் ஆனதும், விஞ்சைத் தொடாமல் தளத்தில் வரிசையாக நின்று கையால் இழுத்தார்கள். எந்திரத்துக்குக் கம்பி நைவது தெரியாது, கைக்குத் தெரியும். நள்ளிரவுக்குப் பின் கூண்டு மேலே வந்தது. 33 பேரும் பிழைத்தார்கள். மறுநாள் பின்பக்க மூடிக்கும் ஒருமுறை கூண்டை இறக்கி, அங்கே யாரும் உயிரோடு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

ஸ்குவாலஸைத் தூக்கும் வேலை செப்டம்பர் 13 வரை நீண்டது. எஸ்-51இன் பாடங்கள் இங்கே திருத்தப்பட்டன. டைவரைச் சுரங்கம் தோண்ட விடாமல், கப்பலின் வளைவுக்கேற்ப வளைத்த குழாயைத் துண்டு துண்டாக இணைத்து அடியில் தள்ளினார்கள், நுனியில் நீர் பீய்ச்சும் துளைகள். பான்டூன்களை வெவ்வேறு உயரத்தில் கட்டினார்கள். மேல் பான்டூன் கடல் மட்டத்தைத் தொட்டதும் அதற்கு மேல் தூக்காது, கப்பல் அந்த ஆழத்தில் தொங்கி நிற்கும். அப்படியே ஆழம் குறைந்த இடத்துக்கு இழுத்து, தரை தட்டியதும் மறுபடி கட்டுவது. இவ்வளவு யோசித்தும் ஜூலை 13 அன்று சேறு பிடிவிட்ட வேகத்தில் அணியம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து எழுந்து, பட்டைகளிலிருந்து நழுவி மறுபடி போனது. வாரக்கணக்கான வேலை சில நொடியில் போயிற்று.

அந்தக் கோடையில்தான் ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த காற்று முதன்முறையாக உண்மையான வேலையில் பயன்பட்டது. மயக்கம் இல்லை, தலை தெளிவு. அதற்கும் விலை உண்டு. ஹீலியம் உடல் சூட்டை வேகமாகக் கடத்துவதால் மின்சாரச் சூடேற்றும் உள்ளாடை வேண்டும். குரல் கீச்சென்று மாறுவதால் தொலைபேசியில் பேசுவது புரியாது. வாயு விலை அதிகம் என்பதால் தலைக்கவசத்துக்குள்ளேயே கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுழற்ற வேண்டும். மொத்தம் 600க்கும் மேற்பட்ட முழுக்குகள் நடந்தன, டைவர் ஒருவர்கூட இறக்கவில்லை. டைவர்களான பேடர்ஸ், கிராண்டால், மக்டொனால்ட், மிகலோவ்ஸ்கி நால்வருக்கும் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. ஸ்குவாலஸ் ‘செயில்ஃபிஷ்’ என்ற பெயரில் போருக்குப் போனது. 1943 டிசம்பரில் அது மூழ்கடித்த ஜப்பானிய விமானந்தாங்கியில், தன்னைக் கண்டுபிடித்த ஸ்கல்பினின் மாலுமிகள் கைதிகளாக இருந்தார்கள்.

ஃபால்கனின் கணக்கு ஸ்குவாலஸோடு முடிந்திருந்தால் படிக்கச் சுகமாக இருக்கும். 1941 ஜூன் 20 அன்று அதே போர்ட்ஸ்மத் கடலில், ஓ-9 என்ற பழைய நீர்மூழ்கி 33 பேருடன் மூழ்கியது. ஃபால்கனும் வந்தது, டைவர்களும் இறங்கினார்கள், அன்றைய சாதனை ஆழங்களைத் தொட்டார்கள். ஆனால் தரை 440 அடியில் இருந்தது. 200 அடிச் சுற்றில் தாங்கும்படி கட்டிய உடல் அங்கே நசுங்காமல் இருக்காது. கூண்டு போக முடிந்தாலும் உட்கார உடைந்த தகடுகள்தான். அந்த அழுத்தத்தில் டைவர்களால் சொற்ப நேரமே நிற்க முடிந்ததால் இரண்டே நாளில் தேடலை நிறுத்தி, அந்த இடத்திலேயே இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். மீட்புக் கப்பல் எவ்வளவு கைதேர்ந்ததானாலும், காப்பாற்றும் ஆழத்தைத் தீர்மானிப்பது மூழ்கும் கப்பலின் தகட்டுக் கனம்தான்.

போர்க்காலத்தை நியூ லண்டன், போர்ட்ஸ்மத் வட்டாரத்தில் நீர்மூழ்கிகளுக்கும் டைவர் பயிற்சிக்கும் துணையாக ஓட்டியது. 1942 நவம்பரில் இந்த வேலைக்கென்றே கட்டிய முதல் கப்பல் ‘சாண்டிக்ளீர்’ பணியில் சேர்ந்தது. 251 அடி நீளம், டீசல் மின் எஞ்சின், பின்தளத்தில் கூண்டுக்கு நிரந்தர இடம். ஃபால்கன் 1946 ஜூன் 18 அன்று ஓய்வு பெற்று, 1947 மார்ச் 12 அன்று விற்கப்பட்டது.